தட்டிய பிறகே வெட்டு

அன்று பிற்பகல் அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: பெரியவர், அவருடைய தம்பி, தம்பியின் மனைவி, கேஸ் கட்டர் பிடிக்கும் வெட்டுக்காரர். ஐந்தாவது ஆள் கிடையாது.

வீட்டின் முன்கூடம்தான் பட்டறை. பழைய கார்களை வாங்கி, பிரித்து, இரும்பை எடைக்குப் போட்டுத் தலைநிமிர்ந்து வாழ்ந்த குடும்பம். வெட்டும் முன் டிக்கியைத் தட்ட வேண்டும் என்பது அப்பா காலத்து ஒழுங்கு. இரண்டு தட்டு, ஒரு மூச்சு விட்டு இன்னொரு தட்டு. குட்டி போட்ட பூனையோ சுருண்டு கிடக்கும் பாம்போ இருந்தால் அசைவு தெரிந்துவிடும்.

அந்தக் கறுப்புக் காரைப் பெரியவர் தட்டினார். உள்ளேயிருந்து ஏதோ திரும்பத் தட்டியது. இரண்டு. ஒரு மூச்சு. ஒன்று.

டிக்கிக்குச் சாவி வரவில்லை.

"அண்ணா, நெம்பித் திறந்து பாத்துடலாம்" என்றான் தம்பி. "ஏதாவது விவகாரமா இருந்தா போலீசுக்குச் சொல்லிடலாம்."

போலீஸ்காரரின் காலடி படாத வாசல் அது. உள்ளே எது இருந்தாலும், நாளைக்குத் தெருவில் நாறப்போவது குடும்பத்தின் பெயர். பெரியவர் துண்டில் கைகளை நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

"எலிதாம்பா. வெட்டு."

"எலிக்கே தனி ரூம் இருக்கு. நான் இன்னும் வாடகை வீட்டுல" என்றபடி வெட்டுக்காரர் கண்ணாடியை மாட்டினார்.

நெருப்பு நாக்கு டிக்கியின் விளிம்பைச் சுற்றி ஊர்ந்தது. தட்டல் வேகமெடுத்தது. பிறகு நின்றது. மூடி கழன்று விழுந்தபோது உள்ளே ஒன்றுமில்லை. எலிப்புழுக்கைகூட இல்லை. அடித்தகட்டில் மட்டும் மனித வியர்வையின் வாடை.

"பாத்தியா?" என்றார் பெரியவர். தம்பி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. ஷட்டரை இறக்கிவிட்டு, வெட்டுக்காரர் சிலிண்டர் வால்வை மூடினார். தம்பியின் மனைவி டீ கொண்டுவந்தாள். தகரக் கூரையில் கல்லைக் கொட்டுவதுபோல் பெய்துகொண்டிருந்த மழையின் சத்தம், யாரோ கார்க் கண்ணாடியை மெல்ல ஏற்றிவிட்டதுபோல் தூரத் தூரப் போய், கடைசியில் காதுக்குள் ஒரு ரீங்காரமாக மட்டும் மிஞ்சியதையும், டீயின் ஆவியை அமுக்கிக்கொண்டு பழைய ரப்பரும் மக்கிய சீட்டுப் பஞ்சும் கூடத்தில் மணக்கத் தொடங்கியதையும் பெரியவர் உணர்ந்தார். சொல்லவில்லை. அவர் பயந்ததாக அந்த வீட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஷட்டரில் தட்டல் கேட்டது.

இரண்டு. ஒரு மூச்சு. ஒன்று.

தம்பி ஷட்டரைத் தூக்கினான். அசையவில்லை. வெட்டுக்காரரும் சேர்ந்து தூக்கினார். பற்றவைத்ததுபோல் நின்றது. பின்கதவுக்கு ஓடிய தம்பியின் மனைவி திரும்பி வந்தாள்.

"மாமா, கதவத் திறந்தா வழி இல்ல. தகடு நிக்குது."

ஜன்னலைத் திறந்தார்கள். அங்கேயும் தகடு. கறுப்பு.

மறுபடி தட்டல்.

"ஐயா, பதிலுக்குத் தட்டுங்க" என்றார் வெட்டுக்காரர். "உள்ள ஆள் இருக்குன்னு தெரியட்டும்."

பெரியவர் தட்டினார். இரண்டு. ஒன்று. மூச்சு விட முடியவில்லை. மறுபடி தட்டினார். இரண்டு கைகளாலும் அறைந்தார். நான்கு பேரும் அறைந்தார்கள். கத்தினார்கள்.

வெளியே அமைதி.

அந்த அமைதி அவருக்குத் தெரியும். யாரோ துண்டில் கை துடைக்கும் நேரம் அது.

பிறகு குரல். நிதானமான குரல். யாரும் எதிர்த்துப் பேசியறியாத குரல். அவருடைய குரல்.

"எலிதாம்பா. வெட்டு."

ஷட்டரின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி. வெளுத்தது. நகரத் தொடங்கியது.

சிலிண்டர் வெடித்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. சிலிண்டர் வால்வு மூடியபடி முழுசாக இருக்கிறது. ஷட்டர் வெட்டப்பட்டது வெளியிலிருந்து. உள்ளே ஒன்றுமில்லை. எலிப்புழுக்கைகூட இல்லை.