புறங்கை

2009 ஓகஸ்ட் 19, புதன்கிழமை, காலை. ஏதென்ஸிலிருந்து வந்த விமானத்தின் சரக்கு அறையில் பாலேந்திராவின் உடல் ஹீத்ரோவுக்கு வந்து சேர்ந்தது. சாப்பாட்டு ஒவ்வாமையால் நேர்ந்த விபத்து என்று கிரேக்கப் பொலிஸ் முடித்துவிட்டிருந்தது.

அவருடைய மனைவி யசோதினி அதை விபத்து என்று நினைக்கவில்லை. தன் வலக்கை செய்த கொலை என்றே நினைத்தாள்.

எட்டு நாட்களுக்கு முன், ஒரு கிரேக்கத் தீவில், மலைக் கிராமத்துச் சதுக்கத்து மரத்தடியில் ஐந்து பேர் சாப்பிட உட்கார்ந்தார்கள். அன்று யசோதினிக்கும் பாலேந்திராவுக்கும் கலியாண நாள். யசோதினி பாணைப் பிய்த்து, வெள்ளையாக இருந்த உள்ளிப்பூண்டுப் பசையில் தோய்த்து, கணவனுக்குத் தீத்திவிட்டாள். பசையில் பாதாம் இருந்தது. பாதாம் பாலேந்திராவுக்கு நஞ்சு. சதுக்கத்துக் கல்லிலேயே, அவள் மடியில், மூச்சு இழுத்து இழுத்து நின்றுபோனது.

அதன்பிறகு அவள் வலக்கையால் சாப்பிடவில்லை. இடக்கையில் கரண்டியைப் பிடித்து, கொஞ்சம் விழுங்கினாள்.

ஓகஸ்ட் 29, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் யசோதினி வீட்டின் முன்னறை. வெளியே தூறல். ஹரோவிலிருந்து சந்திரவதனா வந்திருந்தாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பழக்கமானவள். கவுன்சிலில் உணவகங்களைப் பரிசோதிக்கும் வேலை. எந்தப் பொருளும் எப்படி வேலை செய்கிறது என்று விளங்காமல் அவளால் அதைக் கீழே வைக்க முடியாது. செத்த வீட்டில்கூட.

"உள்ளியும் எண்ணெயும் சும்மா அடிச்சால் பிரிஞ்சுபோகும், யசோ. ரெண்டையும் பிடிச்சு வைக்க ஒரு மா வேணும். சில ஊரில உருளைக்கிழங்கு, சில ஊரில நனைச்ச பாண், சில தீவில அரைச்ச பாதாம். மூண்டும் ஒரே வெள்ளை. உன்ர கண் என்ன, என்ர கண்ணும் பிடிக்காது."

"கேட்டனாங்கள் அக்கா. கேளாமல் குடுக்கேல்லை."

"ஆர் கேட்டது?"

"எங்களோட வந்த சிநேகிதர் ஞானம் அண்ணை. வெயிற்றருக்கு இங்கிலிஷ் கொஞ்சம்தான் வரும். 'ஆமண்ட் இன்சைட்?' எண்டு கோப்பையைக் காட்டிக் கேட்டார். அவன் 'நே, நே' எண்டான். 'இல்லையாம் தங்கச்சி' எண்டு அண்ணை சொன்னார். எனக்கும் 'நோ' மாதிரித்தான் கேட்டது. பிறகுதானே பொலிஸ் சொன்னது, கிரேக்கத்தில 'நே' எண்டால் ஓம் எண்டு."

"இல்லை எண்டதுக்கு என்ன சொல்லுவினம்?"

"'ஓஹி'. அது ஓகே மாதிரி இருக்கு." யசோதினி சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "ஒரு சொல்லு அக்கா. ஒரேயொரு சொல்லு."

"அவற்ர அலர்ஜி ஊசி எங்க?"

"காருக்குள்ள இருந்த பையில. சதுக்கத்துக்குக் கார் வராது, கீழ விட்டிட்டு நடந்துதான் ஏறினது. கார்த் திறப்பு ஞானம் அண்ணையிட்ட. ஓடினார். வழி மாறிப்போட்டுது எண்டு வரேக்க எல்லாம் முடிஞ்சுது."

சந்திரவதனா, "ஏன் கிரீஸ்? ஸ்பெயினுக்கு ஆரும் போகேல்லையோ?" என்று கேட்டாள்.

யசோதினி சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள். பாலேந்திராவின் தம்பி சயந்தன். பதினொரு வருடங்களுக்கு முன் களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் ஊரிலிருந்து புறப்பட்டவன். கடைசியாகத் துருக்கியிலிருந்து போனில் கதைத்தான்: இன்றைக்கு இரவு படகு, எதிர்த் தீவில் இறக்குவார்கள் என்று. பிறகு ஒன்றும் இல்லை. இந்த வருடம் மே மாதம் ஊரில் போரோடு எல்லாம் முடிந்த பிறகு பாலேந்திராவுக்கு ஒரே எண்ணம்தான் மிஞ்சியது: அந்தத் தீவுக்குப் போய், படத்தைக் காட்டி, நாலு பேரிடமாவது கேட்க வேண்டும்.

"ஞானம் அண்ணையும் அவற்ர மனிசி சுசிலா அக்காவும் துணைக்கு வந்தவை" என்றாள்.

மகள் லக்‌ஷிகா அன்று எடுத்த வீடியோவை டிவியில் போட்டாள். பதினாறு வயது. அதற்குப் பிறகு கமெராவை அவள் தொட்டதில்லை.

முதலில் மரம். அதைச் சுற்றி நீல நாற்காலிகள். காற்றில் பறக்காமல் கிளிப் போட்ட கடதாசி மேசைவிரிப்பு. லக்‌ஷிகாவின் குரல்: "ஃபைவ் கோக், ப்ளீஸ்!" அவளுடைய கை படத்துக்குள் நீண்டது, ஐந்து விரலும் விரிந்து, உள்ளங்கை வெயிற்றரைப் பார்த்தபடி. வெயிற்றரின் சிரிப்பு நின்றது. "விடு பிள்ளை" என்று ஞானம் அண்ணை எனப்பட்ட ஞானேஸ்வரன் அவள் கையைத் தட்டி இறக்கினார். தன் கையைத் தூக்கி, புறங்கை வெயிற்றர் பக்கம் இருக்க, ஐந்து காட்டினார். வெயிற்றர் தலையாட்டிவிட்டுப் போனான்.

பிறகு பாலேந்திரா தம்பியின் படத்தை வயதான கடைக்காரரிடம் நீட்டினார். கிழவர் அதை நெடுநேரம் பார்த்தார். "துமாரோ. மை கசின். போட். ஹீ நோ." நாளைக்கு வரும் படகுக்காரனுக்குத் தெரியும் என்று விளங்கி, பாலேந்திராவின் முகம் குழந்தை முகம்போல் ஆனது.

பிறகு வெள்ளைப் பசை. "நே, நே." "இல்லையாம் தங்கச்சி." லக்‌ஷிகாவின் குரல்: "அம்மா, அப்பாக்குத் தீத்திவிடுங்கோ!"

யசோதினி கண்களை மூடிக்கொண்டாள்.

"முதல்ல இருந்து போடு பிள்ளை" என்றாள் சந்திரவதனா. "கோக்குக்குச் சொன்ன இடம்."

அதையே மூன்று தரம் பார்த்தாள். வாசல் மணி அடித்தது.

ஞானேஸ்வரனும் சுசிலாவும் சோற்றுச் சட்டிகளோடு நின்றார்கள். செத்த வீட்டில் உலை வைக்காத நாட்களில் தொடங்கியது, இன்னும் கொண்டு வருகிறார்கள். சந்திரவதனா கதவைப் பாதி திறந்தபடி உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே விரித்தாள். "அஞ்சு நிமிசம் பொறுங்கோ அண்ணை, பிள்ளை உடுப்பு மாத்திறாள்."

லக்‌ஷிகா சோபாவில்தான் இருந்தாள். யசோதினிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கதவிடுக்கில் ஞானேஸ்வரனின் முகத்தைக் கண்டாள். யாரோ துப்பியதுபோல் அது ஒரு பக்கம் விலகியது. பக்கத்தில் நின்ற சுசிலா சட்டியைக் கை மாற்றிப் பிடித்தாள், அவ்வளவுதான்.

உள்ளே வந்ததும் சந்திரவதனா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"முந்தி கிரீஸுக்குப் போயிருக்கிறியளோ அண்ணை?"

"நானோ? கனவிலயும் இல்லை. நான் பாரிசில பிளேனால இறங்கி, அங்க இருந்து இங்க வந்தவன்."

"பாஷை?"

"ஒரு சொல்லும் தெரியாது. தெரிஞ்சிருந்தால் இப்பிடி நடந்திருக்குமே?"

"காருக்குப் போற வழியில போர்ட் இல்லையோ?"

"இருந்தது. எல்லாம் கோழி கிளறின எழுத்து. ஆர் வாசிக்கிறது?" தேத்தண்ணியை ஊதினார். "நீங்கள் கவுன்சிலோ, சி.ஐ.டி.யோ?"

"கவுன்சில்தான். நாங்கள் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலயும் பாப்பம்."

சுசிலா மட்டும் சிரித்தாள்.

செப்டெம்பர் 5, சனிக்கிழமை, மாலை ஆறு மணி. அதே முன்னறை, அதே ஐந்து பேர். சந்திரவதனா டிவியை நிறுத்தி வைத்திருந்தாள். திரையில் ஞானேஸ்வரனின் புறங்கை.

"இது என்ன அண்ணை?"

"அஞ்சு கோக். வேற என்ன?"

"பிள்ளையும் அஞ்சுதான் காட்டினவள். வெயிற்றருக்கு ஏன் முகம் மாறினது?"

"எனக்கென்ன தெரியும்?"

"நான் சொல்லுறன். வேலையில சேர்ந்த புதுசில, வடலண்டனில ஒரு கிரேக்கக் கடைக்குப் போனன். 'ஃபிரிட்ஜ் கழுவ அஞ்சு நாள் தாறன்' எண்டு கையை விரிச்சுக் காட்டினன். அந்த மனிசன் துடைக்கிற சீலையை நிலத்தில எறிஞ்சார். பிறகுதான் விளங்கப்படுத்தினார். முந்தின காலத்தில குற்றவாளியைக் கழுதையில ஏத்தி, உள்ளங்கையால முகத்தில சாம்பல் அப்புவினமாம். இப்ப சாம்பல் இல்லை, கை மட்டும் மிச்சம். விரிச்ச உள்ளங்கையை முகத்துக்கு நேர காட்டினால் அதைவிடக் கேவலம் அங்க இல்லை. அதால அங்க இருந்து பழகின ஆள், அஞ்சு எண்டு காட்டேக்க கையைத் திருப்பிப் பிடிக்கும். யோசிச்சு இல்லை. கை தானாத் திரும்பும்."

"கையை எப்பிடிப் பிடிச்சால் என்ன!" ஞானேஸ்வரன் எழுந்தார். "நல்ல விளையாட்டு!"

"போன கிழமை வாசலில நான் கை காட்டினன். உங்களுக்கு முகம் திரும்பினது. சுசிலா அக்காவுக்குத் திரும்பேல்லை. ஏன்?"

ஞானேஸ்வரன் கதவுப் பக்கம் பார்த்தார்.

"நீங்கள் கிரீஸில இருந்தனீங்கள். 'நே' எண்டால் ஓம் எண்டு உங்களுக்குத் தெரியும். போர்ட் வாசிக்கவும் தெரியும். அண்டைக்கு அந்தக் கிழவர் 'நாளைக்குப் படகுக்காரன் வருவான்' எண்டார். வந்தால் சயந்தனை மட்டும் அடையாளம் காட்டமாட்டான், அவனை ஏத்தின ஏஜென்டையும் காட்டுவான். தேடுற ஆளோட கூட நிண்டால்தானே எங்க தேடுறார் எண்டு தெரியும், அதுக்குத்தான் துணைக்குப் போனனீங்கள். அந்த வெள்ளைப் பசை தற்செயலா மேசைக்கு வந்தது. உங்களுக்கு ஒரு சொல்லு போதுமாயிருந்தது. 'இல்லையாம்.'"

"கதை! எல்லாம் கதை! தங்கச்சி, நீ இதை நம்புறியோ?"

யசோதினி திரையில் நின்ற புறங்கையைப் பார்த்தாள். மூலையிலிருந்து சுசிலா பேசினாள், தனக்குத்தானே சொல்வதுபோல்.

"நித்திரையில கத்துவியளே. 'ஓஹி, ஓஹி' எண்டு. எழுப்பிக் கேட்டால் பிரெஞ்சு எண்டுவியள். நானும் பிரெஞ்சு எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சன்."

சந்திரவதனா டிவியை அணைத்தாள்.

"அந்த வடலண்டன் கடைக்காரரைக்கொண்டு தீவுக் கிழவரோட கதைப்பிச்சு, வீடியோவில இருந்த இந்த முகத்தைப் படகுக்காரனுக்கு அனுப்பினன்" என்றாள் சந்திரவதனா. "அடையாளம் சொல்லிப்போட்டான். அந்த இரவு சயந்தனோட இருபது பேரை ஏத்தின படகு கடலில மூழ்கிப்போச்சுதாம். ஏத்திவிட்ட ஆள் இவர்தானாம். வீடியோவையும் அவன் சொன்னதையும் பொலிஸிட்ட குடுத்திட்டன். இப்ப வருவினம்." பிறகு யசோதினியின் பக்கம் திரும்பினாள். அவளுடைய குரல் இறங்கியது. "யசோ, நீ கேட்டது சரி. கேட்டுப்போட்டுத்தான் குடுத்தனீ. பொய் சொன்னது உன்ர கை இல்லை."

யசோதினி எழுந்தாள். மூன்று கிழமையாகப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்திருந்த வலக்கையை வெளியே எடுத்தாள். ஞானேஸ்வரனின் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில், ஐந்து விரல்களையும் விரித்தாள்.

அவர் பின்வாங்கிச் சுவரில் முட்டினார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடினார். அவள் பார்த்த இடத்தில் புறங்கைகள் மட்டுமே தெரிந்தன.

வாசல் மணி அடித்தது. லக்‌ஷிகா கதவைத் திறக்கப் போனாள். யசோதினி கையை இறக்கவில்லை.