எதிர்ப்பக்கம் சாய்ந்த தையல்

ஏழாவது இதயத்தின் தையல் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

ரிக்மோர் அதை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். சிவப்புக் கம்பளியையும் வெள்ளைக் கம்பளியையும் பட்டைபட்டையாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று பின்னிய, கூடைபோல் வாய் திறந்த துணி இதயம். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட்டு உள்ளே மிளகு பிஸ்கட் போடுவதற்காக வருஷாவருஷம் செய்வது. பின்னலில் குறையில்லை. பிடி தைத்த இடத்தில்தான் கோளாறு. அவளுடைய தையல் எப்போதும் வலப்பக்கம் சாயும். இது இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கண் மங்குகிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, பிரித்து மறுபடி தைத்தாள்.

மூன்று மணிக்குக் காப்பி குடிக்க வந்த பக்கத்து வீட்டு போடிலின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. இதயங்கள் கிடந்த கிண்ணத்தைக் கிளறி இன்னொன்றை எடுத்தாள்.

"இது உன் தங்கச்சி தச்சதுதானே? எல்னாதான இடது கைக்காரி."

"ஆமா, பழசு," என்றாள் ரிக்மோர். பச்சைப் பொய். எல்லாமே இந்த வாரம் தைத்தவை.

"துணி புதுசா இருக்கே. எங்கடி வாங்கின?"

"வீட்ல கெடந்துச்சு."

"நீ எதத்தான் தூக்கிப் போட்டிருக்க?" போடில் சிரித்துக்கொண்டே எழுந்தாள். "சரி, நான் படகுக்குக் கெளம்பறேன். ஓடென்ஸ்ல மக காத்துக்கிட்டிருப்பா. பண்டிக முடிஞ்சுதான் வருவேன். அந்தப் பின்கதவப் பாத்துக்க, காத்தடிச்சா தானா பூட்டிக்குது."

அவள் போனதும் வீடு பெரிதாகிவிட்டது. வெளியே அதற்குள் இருட்டு. தீவில் டிசம்பர் மாதத்துப் பகல் அவ்வளவுதான்.

வீட்டில் கிடந்தது எல்னாவின் சிவப்புக் கோட்டு. அப்பாவின் வீட்டை விற்கலாம் என்று எல்னா சொன்ன நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. போன வருஷம் இதே இருபத்துமூன்றாம் தேதி, பனிப்புயலில், கடைசிப் படகில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பின்கதவைத் தட்டினாள். வேகமாக இரண்டு தட்டு, நிதானமாக ஒன்று. சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான் தட்டுவாள். ரிக்மோர் இதே மேசையில் இதயம் பின்னிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நின்று திமிர் அடங்கட்டும் என்று ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். பாட்டுக்கு நடுவே, "அக்கா, கதவத் தொறக்கா," என்றது கேட்டது. இன்னும் கூட்டினாள். விடிந்து கதவைத் திறந்தபோது எல்னா படியில் உட்கார்ந்தபடியே விறைத்திருந்தாள்.

"ரேடியோ பாடிக்கிட்டிருந்துச்சு, எனக்குக் கேக்கவே இல்ல." போலீஸ் நம்பியது. பாதிரியார் நம்பினார். ஊரே அவளுக்காக உச்சுக்கொட்டியது. கோட்டு காகிதப் பையில் திரும்பி வந்தது. வெந்நீரில் துவைத்ததும் பிசிறில்லாமல் வெட்ட வாகாகத் தடித்துவிட்டது. நல்ல கம்பளி. எறிய மனம் வரவில்லை.

பிஸ்கட் போடுவதற்காக ஓர் இதயத்துக்குள் விரலை விட்டாள். உள்ளே சில்லென்றிருந்தது. விரலை எடுத்துப் பார்த்தாள். பனி. அடுத்ததிலும் பனி. அதற்கடுத்ததிலும். அறை முழுக்க ஈரக் கம்பளியின் நாற்றம், நனைந்த நாய் அடுப்போரம் படுத்ததுபோல. ஒவ்வொன்றாகத் திருப்பினாள். எல்லாத் தையலும் இடப்பக்கம். அவள் இப்போதுதான் பிரித்துத் தைத்ததும்கூட.

இவை இனி ஒரு நிமிஷம்கூட வீட்டில் இருக்கக் கூடாது. கிண்ணத்தோடு பின்கதவைத் திறந்து, வீட்டுச் செருப்போடு முற்றத்தில் ஓடி, குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள். மூடியை அழுத்தி மூடினாள்.

காற்று அடிக்கவில்லை. ஒரு செதில் பனிகூட அசையவில்லை.

கதவு சாத்திக்கொண்டது.

கைப்பிடியைத் திருகினாள். பூட்டியிருந்தது. சாவி உள்ளே. கம்பளிச் சட்டை உள்ளே, நாற்காலியில். போடிலின் வீட்டில் விளக்கில்லை. அதைத் தாண்டினால் வயல். அதைத் தாண்டினால் கடல்.

ஜன்னலுக்குப் போனாள்.

மேசையில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். முதுகு தெரிந்தது. சிவப்புக் கோட்டு. முழுக் கோட்டு. அவள் வெட்டிய ஒவ்வோர் இடத்திலும் தையல். இடப்பக்கம் சாய்ந்த தையல். தோளில் பனி, விளக்குச் சூட்டிலும் உருகாமல்.

இடது கையில் கத்தரிக்கோல். அது ரிக்மோரின் கம்பளிச் சட்டையைப் பட்டைபட்டையாக வெட்டிக்கொண்டிருந்தது.

"எல்னா." கண்ணாடியில் முகத்தை ஒட்டினாள். "கதவத் தொறடி. செத்துருவேன்டி."

தட்டினாள். அவளையறியாமல், வேகமாக இரண்டு. நிதானமாக ஒன்று.

கத்தரிக்கோல் நின்றது. தலை திரும்பவில்லை. இடது கை மட்டும் மெல்ல நீண்டு, ரேடியோவைக் கூட்டி வைத்தது.