எரியுதாடா?

மழை விட்டும் விடாத ஒரு மத்தியானத்தில், அண்ணன் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டின் முன் டூல் பையோடு போய் நின்றான் அவன். அண்ணி கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினாள். வாங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அண்ணன் போனதிலிருந்து அவள் அவனோடு பேசியதே கிடையாது. காலையில் போனில் பேசியதுதான் முதல் பேச்சு.

"வந்து பாருங்க. அன்னைக்கு லைட்டு எரிஞ்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

அதோடு வைத்துவிட்டாள்.

நடந்தது இதுதான். அண்ணன் தன் கையாலேயே கட்டிய பழைய மோட்டார் சைக்கிளை முதல் தடவையாக ரோட்டுக்கு எடுத்துப் போனார். முன்னால் எதுவோ குறுக்கே வர, பிரேக் பிடித்தார். பின்னால் வந்த வேன் இடித்துவிட்டது. வண்டிக்குப் பின் மட்கார்டில் ஒரு நெளிவு, அவ்வளவுதான். விளக்கின் கண்ணாடிகூட உடையவில்லை. அண்ணன் மட்டும் எழுந்திருக்கவில்லை. வேன்காரர் அழுதுகொண்டே ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார், பிரேக் லைட் எரியவே இல்லைங்க என்று. அந்த வண்டிக்கு ஒயரிங் செய்தவன் இவன். சொந்தக்காரர்கள் யாரும் முகத்துக்கு நேரே எதுவும் கேட்கவில்லை. கேட்கத்தான் வேண்டுமா என்ன? இவன் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும்.

அவனுக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. போன வாரம் சால்டரிங் அயர்ன் விரலில் பட்டபோது, தோல் கருகிய வாடை வந்த பிறகுதான் கையை எடுத்தான். சின்ன வயதில் தொட்டதற்கெல்லாம் எகிறுகிறான் என்று அண்ணன் அவனுக்கு 'ஃபியூஸ்' என்று பேர் வைத்திருந்தார். இப்போது யார் என்ன சொன்னாலும் எகிறத் தோன்றவில்லை.

ஷெட்டுக்குள் ஆயில் வாடையும் ஈரச் சுவரின் வாடையும் இருந்தன. தகரத்தின் மேல் மழை சொட்டிக்கொண்டிருந்தது. துணியை இழுத்ததும் வண்டி தெரிந்தது. ஃபிரேம் ஒரு கிழட்டு வண்டியுடையது, இன்ஜின் வேறொன்றுடையது, டேங்க் எங்கிருந்து வந்தது என்று அண்ணனுக்கே சரியாகத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே வண்டியாக்கியது அண்ணி அடித்த கரும்பச்சைப் பெயின்ட்தான். வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பதுதான் அவள் தொழில். ஒரு கீறல் விழுந்தாலும் அவளுக்கு ஆகாது. இவனுக்கோ கீறாமல் வேலையே நடக்காது. விளக்கிலிருந்து வரும் எர்த் ஒயரை ஃபிரேமில் முடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கரண்டுக்குத் திரும்பிப் போக வழியில்லை. "என் உசுரையே சுரண்டுறீங்க தம்பி" என்பாள் அண்ணி. இரண்டு பேரும் முட்டிக்கொள்வதைப் பார்த்து அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பார்.

பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பினான். பல்பு நல்ல பல்பு. பிரேக் மிதிக்குக் கீழே இருக்கும் சுவிட்சும் நல்லாத்தான் இருந்தது. இனி மிதியை அமுக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அண்ணன் சீட்டில் உட்கார்ந்து அமுக்குவார், இவன் பின்னால் குந்தியிருந்து பார்ப்பான். எரியுதாடா என்பார். எரியுது என்று இவன் சொல்கிற வரைக்கும் காலை எடுக்கவே மாட்டார். ஒரு தடவை இவன் போன் பேசப் போய்விட, திரும்பி வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்த மனுஷன்.

அவன் பின்னால் போய்க் குந்தினான். மனம் எங்கோ இருந்தது. வாய் தானாக, பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"அமுக்குண்ணே."

விளக்கு எரியவில்லை.

எரியல என்று முனகிக்கொண்டே எழுந்தான். அப்புறம்தான் தான் யாரிடம் சொன்னோம் என்பது உறைத்தது. முன்னால் எட்டிப் பார்த்தான்.

மிதி கீழே போயிருந்தது.

மிதியின் ஸ்பிரிங் முழுசாக இழுபட்டு விறைத்து நின்றது. சீட்டின் நடுவில் ஒரு குழிவு. மழை வாடையையும் ஆயில் வாடையையும் தாண்டி, அண்ணன் எப்போதும் வாயில் அடக்கிக்கொள்ளும் இருமல் மிட்டாயின் வாடை வந்தது.

பயப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. மரத்துப்போன பல்லை நாக்கால் தடவுவதுபோல் அந்த மிதியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மறுபடி குந்தி, வேலையைப் பார்த்தான். வேறென்ன செய்வது? மிதி அமுங்கியிருக்கிறது, விளக்கு எரியவில்லை. அன்றைக்கு ரோட்டில் நடந்ததும் இதுதானே.

எர்த் ஒயரை விரலால் அசைத்தான். விளக்கு பளிச்சென்று எரிந்தது. விட்டான். அணைந்தது.

அவன் கை நின்றுவிட்டது. விளக்குக்கு நேர் கீழே, மட்கார்டைத் தாங்கும் ஃபிரேம் கம்பியில்தான் அந்த ஒயரை முடுக்கிய போல்ட். அந்த இடத்தைச் சுரண்டியது இவன்தான். இரும்பு பளபளக்கும்வரை சுரண்டியது நன்றாக நினைவிருந்தது. ஸ்பேனரைப் போட்டு போல்ட்டைக் கழற்றி, ஒயரை விலக்கினான்.

இரும்பு தெரியவில்லை. அங்கே கரும்பச்சைப் பெயின்ட் இருந்தது.

மெல்லிய பிரஷ்ஷால், அவசரமில்லாமல், அழகாக இழுத்த பெயின்ட். வண்டி ரோட்டுக்குப் போகும் முன் ஏதாவது கீறல் இருக்கிறதா என்று அண்ணி கடைசியாக ஒரு சுற்று பார்த்திருக்கிறாள். போல்ட்டின் ஓரத்தில் இரும்பு தெரிந்திருக்கிறது. கழற்றி, பூசி, காய்ந்ததும் திரும்ப முடுக்கியிருக்கிறாள். ஆசையாகத்தான் செய்திருக்கிறாள். போல்ட்டின் திருகுமறை வழியாகக் கொஞ்சம் பிடிப்பு இருந்ததால் வீட்டில் எரிந்திருக்கும். ரோட்டில் நாலு குலுக்கலில் விட்டுப்போயிருக்கும்.

அப்போ நான் இல்லை, என்று நினைத்தான். இத்தனை நாள் அந்த நினைப்புக்காகத்தான் ஏங்கியிருந்தான். வந்த பிறகு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. இதை அண்ணி தெரிந்துகொண்டால் அப்புறம் உயிரோடு இருப்பாளா? ஏற்கெனவே எல்லாரும் தன்னைத்தான் சொல்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். பேட்டரியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு குந்தினான். இரண்டு தேய்ப்பில் அந்தப் பெயின்ட் போய்விடும்.

கதவருகில் அண்ணி வந்து நின்றாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன் அண்ணி." அவன் தலை நிமிரவில்லை. "என் தப்புதான். நான் சரியா சுரண்டல."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. தலையை மட்டும் ஆட்டினாள். எல்லாம் எதிர்பார்த்ததுதான் என்பதுபோல் திரும்பினாள். அவன் உப்புத்தாளை வைத்துத் தேய்க்கப் போனான்.

மிதி கிறீச்சென்றது.

விளக்கு எரிந்தது.

பேட்டரி மேஜைமேல் இருந்தது. எர்த் ஒயரின் நுனி அவன் இடது கையில் இருந்தது.

சுவர், தரை, அவன் கை எல்லாம் சிவந்தன. நம்பர் பிளேட்டுக்காக விளக்கின் அடியில் ஒரு சின்ன வெள்ளைக் கண்ணாடி உண்டு. அதன் வழியாக வெளிச்சம் நேராக இறங்கி, போல்ட் இருந்த இடத்தில் விழுந்தது. அவன் கையால் மறைத்தான். விரல் இடுக்கில் வெளிச்சம் வந்தது. இத்தனை நாள் வராத பயம் அப்போதுதான் வந்தது.

அண்ணி திரும்பி வந்து அவன் பக்கத்தில் குந்தினாள். அவன் கையைப் பிடித்து மெதுவாக விலக்கினாள். வெகுநேரம் பார்த்தாள். தன் கைவேலையை அவள் வேறு யார் சொல்லியும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

"இது என் பிரஷ்ஷு," என்றாள்.

பிறகு அந்தப் பச்சைமேல் ஒரு விரலை வைத்தாள். அந்த விரலை எடுக்கவே இல்லை.

அவனுக்கு அழுகை வந்தது. "எரியுதுண்ணே," என்றான். "பாத்துட்டோம். எரியுது. காலை எடுண்ணே."

மழை நின்றிருந்தது. இருமல் மிட்டாய் வாடை இன்னும் நெருங்கி வந்தது. எரியுது என்று சொன்ன பிறகும் மிதி கீழேயே இருந்தது.