பதினொன்றாம் படி

அக்கா வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. மதகுக்காரர் அப்போதுதான் ஷட்டருக்கு கிரீஸ் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கால்வாயின் குறுக்கே மதகு, அதை ஒட்டி ஓர் அறை வீடு, சுற்றிலும் பொட்டல். அங்கே அவரைத் தேடி வருகிற ஒரே மனுஷி அக்காதான். ஆனாலும் எட்டு வருஷமாக அவள் தலை தெரிந்தாலே அவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

தோளில் துணிப்பை, கையில் மகளின் போட்டோ ஒட்டிய அட்டை. அப்படியென்றால் மறுபடியும் யாரோ போன் செய்திருக்கிறார்கள்.

"ஒரு மில்லுல அவள மாதிரியே ஒரு பொண்ணு வேலை செய்யுதாம்டா. கன்னத்துல மச்சம்கூட இருக்காம். காலையில முதல் பஸ். நீயும் வா."

"போன தடவையும் மச்சம்னுதான் சொன்னாங்க."

"சொன்னாங்க. அந்தப் பொண்ணு வாயே திறக்கல. நம்ம ரேடியோ வாய மூடிக்கிட்டு இருப்பாளா? அப்பவே தெரிஞ்சுபோச்சு இவ இல்லன்னு."

ரேடியோ என்பது அக்கா மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர். தூக்கத்தில்கூடப் பேசுவாள் என்று ஊரே கேலி செய்யும். பதினைந்து வயதில், ஒரு பரீட்சை நாளில், சீக்கிரமே பள்ளியிலிருந்து கிளம்பியவள் வீடு வந்து சேரவில்லை. யாரோடோ ஓடிப்போய்விட்டாள் என்றார்கள், யாரோ கடத்திக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள். ஆளுக்கொரு கதை கட்டினார்கள். தண்ணீர் இல்லாத நாட்களில் கால்வாய்க்குள் இறங்கி நடப்பது அவளுக்குக் குறுக்கு வழி. அது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் கால்வாயை ஒருவரும் சந்தேகப்படவில்லை.

காரணம் மதகுக்காரரின் ரிஜிஸ்டர். மூன்று தரம் எச்சரிக்கைச் சங்கு ஊதி, பதினைந்து நிமிஷம் பொறுத்து, அதற்கப்புறம்தான் ஷட்டரைத் திறக்க வேண்டும். அன்றைய பக்கத்தில் சங்கு இரண்டரைக்கு, ஷட்டர் இரண்டே முக்காலுக்கு என்று எழுதியிருந்தது. வயலில் இருந்தவர்களும் சங்கு கேட்டது உண்மைதான் என்றார்கள். எத்தனை மணிக்கு என்று யார் பார்த்தார்கள்? மாமா சங்கு ஊதினால் பிள்ளை கரையேறியிருப்பாளே என்று போலீஸும் பஸ் நிலையங்களில் தேடப் போய்விட்டது.

அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது பொய். அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"நாலு மணிக்குத் திறக்கணும் அக்கா. ஊதிட்டு வந்துடறேன்," என்று எழுந்தார்.

கைப்பிடியைச் சுற்றினார். சங்கு அடித்தொண்டையில் முனகி, மெல்ல ஏறி, பொட்டல் முழுக்கப் பரவி அடங்கியது. மூன்று தரம். பிறகு வீட்டு வாசலில் அக்காவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாசலிலிருந்து கால்வாய்ப் படுகை வரை இருபத்திரண்டு சிமெண்ட் படிகள். வெயில் சாய்ந்து, கீழ்ப்படிகள் நிழலில் கிடந்தன. படுகை காய்ந்து வெடித்திருந்தது.

அப்படியிருந்தும் பாசி நாற்றம் வந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இனி என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். எட்டு வருஷமாக ஒவ்வொரு முறையும் நடப்பதுதான்.

சொத்.

ஈரக்கால் சிமெண்டில் படுகிற ஓசை. முதல் படி.

சொத். சொத்.

யாரோ அவசரமில்லாமல் ஏறி வருகிறார்கள். சங்கு கேட்டதும் கரையேறச் சொல்லிக் கொடுக்கப்பட்ட பிள்ளை ஏறி வருகிறாள். ஒன்பது. பத்து. பதினொன்று.

நின்றது.

எப்போதும் அங்கேதான் நிற்கும். ஷட்டர் திறந்து தண்ணீர் வந்து அந்தப் படியை மூடும்வரை அங்கேயே காத்திருக்கும்.

"அக்கா," என்றார் மதகுக்காரர். "கேக்குதா?"

"என்னது?"

"படியில."

அக்கா எட்டிப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லையே. ஏன்டா இப்படி வேர்க்குது உனக்கு?"

அவள் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"நான் ஊதல அக்கா."

"இப்பதானே ஊதின?"

"அன்னிக்கு."

துடைத்த கை அப்படியே நின்றது.

"மத்தியானம் கண்ணசந்துட்டேன். முழிச்சப்ப மூணுக்குப் பத்து நிமிஷம். மூணு மணிக்குக் கரண்ட் போயிடும். போயிட்டா கைச்சக்கரத்தச் சுத்தி ஷட்டரத் தூக்க ரெண்டு மணி நேரமாகும். அதான் முதல்ல மோட்டாரப் போட்டுட்டு அப்புறமா ஊதிக்கலாம்னு நெனச்சேன். எல்லாரும் செய்யறதுதான் அக்கா. அந்த நேரத்துல யார் கால்வாயில வரப் போறாங்கன்னு..."

"வந்தாளா?"

"ஷட்டர் பாதி ஏறினப்புறம், அதோ கால்வாய் திரும்புதே, அங்க வந்தா. உடனே இறக்கப் பாத்தேன். பட்டனை அமுக்கறேன், கரண்ட் போயிடுச்சு. ஓடிப்போய் சங்கச் சுத்தினேன்."

"உன்னப் பாத்தாளா?"

"பாத்தா." அவர் கால்வாய்த் திருப்பத்தைப் பார்த்தார். "கைய ஆட்டினா."

கொஞ்ச தூரத்தில் கால்வாய் மலைக்குள் சுரங்கமாகப் போகிறது. அதற்குள் போனது எதுவும் திரும்பக் கிடைத்ததில்லை. அக்காவுக்கும் அது தெரியும். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குத் தேவலை. அவள் மடியிலிருந்த அட்டையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன ஊரு போனேன்டா," என்றாள் கடைசியில். "நீயும் கூட வந்தியே. இந்த அட்டையப் புடிச்சுக்கிட்டு என் பக்கத்துலயே நின்னியே."

அவர் தரையைப் பார்த்தார். இந்த மாதிரி ஒரு பாவிக்கு வேர்வை துடைத்துவிட்டாளே என்று உடம்பு கூசியது.

அக்கா எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "அவ எந்நேரம் வந்தாலும் வரட்டும்னு எட்டு வருஷமா என் வீட்டுக் கதவுக்குத் தாழ் போடாமதான் படுத்தேன். இன்னியிலேருந்து நான் போட்டுக்கறேன். நீ போடாதே."

கரையோரமாக நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நாலேகால் ஆகியிருந்தது. வயல்கள் காத்திருக்குமே என்று அவர் ஷட்டரைத் திறந்தார். தண்ணீர் சீறி வந்து படிகளை ஒவ்வொன்றாக மூடியது. பதினொன்றாம் படியும் மறைந்தது. எப்போதும்போல எல்லாம் அடங்கியது. இனி அடுத்த முறை வரை தொந்தரவு இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போனது. அக்கா சொன்னது நினைவு வர, கையை இழுத்துக்கொண்டார். கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். வெளியே தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அறையில் இருட்டு கூடிக்கொண்டே வந்தது. எழுந்து விளக்குப் போடத் தோன்றவில்லை.

சொத்.

தண்ணீருக்கு மேலே, பன்னிரண்டாம் படியில்.

பதின்மூன்று. பதினான்கு. இன்று அவள் எங்கும் நிற்கவில்லை. இருபது. இருபத்தொன்று.

இருபத்திரண்டு.

கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. பாசி நாற்றம் அறையை நிறைத்தது. அவருக்குப் பின்னால் தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"பாப்பா," என்றார் சுவரைப் பார்த்தபடியே. "உங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

வாயை மூடத் தெரியாத அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் காத்திருந்தார். திட்டட்டும், அழட்டும், போய்விடட்டும்.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.