ஈரம் காயாத தரை

கயல்விழியின் தலையணையில் எறும்பு ஏறவில்லை. அவள் அம்மா பாவாத்தாள் முதலில் கவனித்தது அதைத்தான். நாலு வயதுப் பிள்ளை, வாயில் வெல்லத்தை அதக்கிக்கொண்டே தூங்கிப்போகும். கடைவாயில் வழிந்த இனிப்பைத் தேடிப் பாய் முழுக்க எறும்புகள் வரிசை கட்டி வரும். இப்போதெல்லாம் வந்த வரிசை தலையணைக்கு ஒரு சாண் முன்னால் நின்று, இரண்டாகப் பிரிந்து, சுற்றிக்கொண்டு போனது. மருந்து எதுவும் அவள் தூவியிருக்கவில்லை.

அந்தத் தலையணையை அவள்தான் தைத்தாள். பல்லடத்துத் தறிக்காரர்கள் வீட்டில் இலவம்பஞ்சுக்கு எங்கே போவது? திருப்பூரில் வெட்டிக் கழித்த பனியன் துண்டுகளை அடைத்து வாயைத் தைத்துவிட்டால் தலையணை. ஆனால் இந்தத் துண்டுகள் ஊர் சுற்றி வந்தவை. தொண்ணூற்று நாலில் வடக்கே ஓர் அணுமின் நிலையத்தில் குழாய் உடைந்து தண்ணீர் பெருகியது. "ஆளு பத்தலீங்க, ஆளு பத்தலீங்க" என்று மேஸ்திரி தம்பிதுரை லைன் வீடுகளில் கதவு கதவாகத் தட்டி ஆண்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். துடைக்கிற துணியும் இங்கிருந்தே மூட்டை மூட்டையாய்ப் போனது. பேப்பரில் நாலு வரி வந்தது. யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லையாம். அப்படியானால் முட்டிபோட்டுத் துடைத்தவர்கள் எந்தக் கணக்கு? ஆடா, மாடா?

அவள் புருஷன் அங்கப்பன் திரும்பி வரும்போது தோளில் ஒரு மூட்டையும் வந்தது. துடைத்துப் பிழிந்து காயப்போட்ட துணி. "நல்ல பருத்திம்மணி, தூக்கிப் போட்டுட்டு வர மனசு வரலே" என்றான். ஒரு நூல் பிசிறைக்கூட வீசியெறிய மனசு வராத பிழைப்பு அவர்களுடையது. அவளும் இரண்டு அலசு அலசி, வெயிலில் உலர்த்தி, பிள்ளைக்குத் தலையணை தைத்தாள்.

பிறகு, அங்கே போய்வந்தவர்கள் ஒவ்வொருவராய் நோயில் விழுந்தார்கள். கடைசியாக அங்கப்பன். படுக்கையில் விழுவதற்கு முன்னால், பொழுது சாயும்போதெல்லாம் காய்ந்த தரையில் முட்டிபோட்டு, இடது கையால் துண்டை வளைத்து வளைத்து இழுப்பான். அவன் இடதுகைக்காரன். "இன்னும் ஈரங் காயலே பாவாத்தா" என்பான். ஐப்பசியில் செத்துப்போனான். லைன் வீட்டில் இப்போது முக்கால்வாசியும் தாலியறுத்தவர்கள்தான்.

மார்கழியில் ஒரு நாள் மத்தியானம் பாயைச் சுருட்டும்போது தலையணையில் கை பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது, கோழிக்கு அடியிலிருந்து அப்போதுதான் எடுத்த முட்டை மாதிரி. பிள்ளை காலையிலிருந்து அதில் தலை வைக்கவேயில்லை. குளிருக்கு அடக்கமாக இருக்கிறதே என்று தானே போன வருஷம் சந்தோஷப்பட்டது நினைவுக்கு வந்து, அவளுக்குத் தன் கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது. மூலையில் வீசிய தலையணைமேலேயே மறுநாள் பிள்ளை படுத்துக் கிடந்தது. தூக்கியபோது தலை வந்தது, முடி தலையணையிலேயே தங்கிவிட்டது.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். அங்கே எதைத் துடைத்தார்கள்? கூட்டிப்போனவர் வந்து சொல்லட்டும், அது தெரிந்தால்தான் என்ன வைத்தியம் என்று பார்க்கலாம். ஊருக்கு வந்ததும் பாவாத்தாள் கொல்லையில் முழங்கை ஆழம் தோண்டித் தலையணையைப் புதைத்தாள். மேலே கல் வைத்தாள். தம்பிதுரைக்கு ஆள்மேல் ஆள் அனுப்பினாள்.

அவன் வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வாசலறையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, வெள்ளை வேட்டியை நீவிவிட்டுக்கொண்டான். பிள்ளை உள்ளே சமையலறையில் தூங்கியது.

"ஏனம்மணி, எதுக்கு இத்தன தடவ ஆளுடறே?"

"டாக்டரு கேக்கறாருங்க. அங்க என்னத்தத் தொடச்சாங்கன்னு நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லோணுங்க. எம் புள்ளைய இன்னும் காப்பாத்திப்போடலாமுங்க."

"தண்ணிதாம்மணி. வெறுந்தண்ணி. நானுந்தான் அங்க நின்னேன். எனக்கென்ன ஆயிப்போச்சு?"

"நீங்க கதவுக்கு வெளிய நின்னீங்கன்னு எங்கூட்டுக்காரரு சொன்னாருங்க."

தம்பிதுரை பதில் சொல்ல வாயெடுத்தபோது கரண்டு போயிற்று. தெரு முழுக்க அடித்துக்கொண்டிருந்த தறிகள் ஒரே மூச்சில் நின்றன. இரவும் பகலும் அந்தச் சத்தத்துக்குள்ளேயே வாழ்ந்து பழகிய காதுக்கு அந்த நிசப்தம் வலித்தது. பாவு நூலின் கஞ்சி வாடையும் அவள் பற்றவைத்த சிமினி விளக்கின் புகையும் கலந்த அறைக்குள், மெல்ல மெல்ல, துருப்பிடித்த குழாயில் வருகிற தண்ணீரின் வாடை நுழைந்தது. அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தச் சத்தம்.

சர்.

சர்.

தரையில் துணி இழுபடும் சத்தம். அவளுக்குத் தெரிந்த சத்தம்தான்.

விளக்கைத் தூக்கிக்கொண்டு போனாள். பாய் காலி. நடுவில் தலையணை கிடந்தது. மேலெல்லாம் கொல்லை மண். தையல் பிரிந்திருந்தது. கயல்விழி முட்டிபோட்டு, கையில் ஒரு பனியன் துண்டோடு, தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விளக்கொளியில் மொட்டைத்தலை மினுங்கியது.

"கண்ணு..."

"இன்னும் ஈரங் காயலீங்கம்மா."

காயவில்லைதான். தரை முழுக்க ஈரம். பிள்ளைக்கு வலப்பக்கம், துணியை இழுத்தாற்போல ஒரு வளைவு விழுந்தது. கை இல்லை. துணி இல்லை. ஈரம் மட்டும். அதற்கப்பால் இன்னொன்று. அதற்கப்பாலும். வரிசையாக. ஒரே வேகத்தில். பிள்ளையை ஒட்டினாற்போல விழுந்த வளைவு மட்டும் மாறித் திரும்பியிருந்தது. இடது கை வளைவு.

தண்ணீர் வாசற்படி தாண்டி வாசலறைக்குள் ஊர்ந்தது. கட்டில் பக்கமாய்.

தம்பிதுரை வேட்டியை வாரிச் சுருட்டிக்கொண்டு கட்டில்மேல் ஏறி நின்றான். "புள்ளையத் தூக்கு! அதத் தொட உடாதே! தொட்டாப் போச்சு, தூக்கம்மணி!"

தெரியும். அவனுக்கு அன்றைக்கே தெரியும். பாவாத்தாள் அவன் பக்கம் திரும்பினாள்.

"வெறுந்தண்ணிதானுங்களே மேஸ்திரி. கால கீழ வெய்யுங்க."

அவள் பிள்ளையை அள்ளப் போனாள். தூக்க முடியவில்லை. பிள்ளையின் தோள் வெதுவெதுப்பாக இருந்தது. முட்டையின் சூடு. உள்ளேயிருந்து வருகிற சூடு. அவளுடைய பிடியிலேயே பிள்ளை முட்டிபோட்டு நகர்ந்தது. கூடவே வரிசையும் நகர்ந்தது. வாசலறைக்கு.

பாவாத்தாள் எழுந்து போய், தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"அம்மணி, கதவத் தெற! டாக்டருகிட்ட வந்து சொல்றேன்! எல்லாஞ் சொல்றேன்!"

வரிசையின் நடுவில் ஓர் ஆள் முட்டிபோடுகிற அளவுக்கு இடம் விட்டிருந்தது. கயல்விழி தலையணைக்குள்ளிருந்து எடுத்த துண்டொன்றை மடித்து அந்த இடத்தில் வைத்தாள். பிறகு, அதுவரை பார்த்தேயிராத மேஸ்திரியை நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க. ஆளு பத்தலீங்க."

சர். சர். சர்.

ஈர வளைவுகள் கட்டிலுக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றன. சுற்றிக்கொண்டு போகவில்லை.