நாலாவது கோட்

காலை ஏழு மணிக்கே அந்த வீட்டில் விசாரணை தொடங்கிவிட்டது. பெயிண்ட் கடை பில்லை ஹால் மேஜையில் விரித்து வைத்திருந்தான் கணவன். எதிரே, வெங்காயம் நறுக்கிய கையோடு அவன் மனைவி நின்றிருந்தாள்.

“ஒரு ஹாலுக்கு நாலு வாளி பெயிண்ட் வந்திருக்கு! திட்டம் போட்டது நீதானே?”

“நான் ஒரு வாளிதாங்க எழுதினேன்...”

“அப்ப மிச்ச மூணும் என்ன, கால் முளைச்சு நடந்து வந்துச்சா?”

கேட்ட கையோடு, திட்ட நோட்டில் ‘சமையலறைச் சுவர்’ என்ற வரியைப் பென்சிலால் அடித்தான். அந்த ஒரு வரிக்காகத்தான் அவள் பன்னிரண்டு வருடம் காத்திருந்தாள். ஈரம் ஏறி, பூச்சு பெயர்ந்து, அடுப்புக்கு மேலேயே உதிர்கிற சுவர் அது. சோற்றில் ஒரு மண் தட்டுப்பட்டால் திட்டு அவளுக்குத்தான்; சுவரை யாரும் திட்டியதில்லை. அந்தச் சுவரைப் பூசித் தருவதாகச் சொன்னதால்தான், இரண்டு வருடத் தையல் கூலி முழுவதையும் இந்த வேலைக்கு எடுத்துக் கொடுத்திருந்தாள்.

“காசெல்லாம் பெயிண்டுக்கே போயிடுச்சு. இதை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்றான் சாதாரணமாக.

சோபாவிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. “உன் தம்பி வீட்டுக்கும் போன வாரம்தானே பெயிண்ட் அடிச்சாங்க?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அத்தை...! என்னைத் திருடின்னு சொல்றீங்களா? ஒரு நல்ல புடவை எடுக்காம சேர்த்ததை உங்க வீட்டுச் சுவருக்குக் கொடுத்தேனே... அதுக்கு இந்தப் பேரா?”

“நான் ஒண்ணும் சொல்லலைம்மா. கேட்டேன், அவ்வளவுதான்.”

கணவன் பில்லையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூலையில் கொழுந்தன் போனிலிருந்து தலையே நிமிர்த்தவில்லை. ஏணி மேல் இருந்த பெயிண்டர்தான் தாங்க மாட்டாமல் இறங்கினார்.

“அம்மா, சொல்லக் கூடாதுன்னு எனக்கு மூணு பேர் உத்தரவு. ஆனா இதைக் கேட்டுட்டு மரம் மாதிரி நிக்க முடியல” என்றவர் மொட்டை மாடிக்குப் போனார். தார்ப்பாய்க்கு அடியில் இருந்த மூன்று வாளிகளையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நடு ஹாலில் வைத்து மூடியைத் திறந்தார். மூன்றிலும் முக்கால் வாளி அப்படியே இருந்தது.

“பச்சை, சார் கேட்டது. சந்தனம், பெரியம்மா கேட்டது. சாம்பல், தம்பி கேட்டது. மூணு பேரும் தனித்தனியா வந்து, ‘அவகிட்ட சொல்லிடாதே’ன்னீங்க. ஆளுக்கு ஒரு கோட் அடிச்சேன்.”

கலர் கலந்த பெயிண்டைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார், மனசு மாறுவதானால் இப்போதே மாறுங்கள் என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். மூவரும் சமர்த்தாகத் தலையாட்டினார்கள். பிறகு சுவர் தினம் ஒரு நிறமாக மாறியபோது, ‘காயக் காய மாறும்’ என்று பெயிண்டர் சமாளித்தார். அவளும் நம்பினாள். மற்ற மூவரோ, நன்றாகக் காய்ந்ததும் அவரவர் நிறம் வந்துவிடும் என்று காத்திருந்தார்கள்!

“அண்ணி... சாரி அண்ணி” என்று முனகினான் கொழுந்தன்.

மாமியார் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இருவர் கண்ணிலும் நீர் முட்டியது. “என் நாக்குல கொள்ளி வைக்க... மனசுல வச்சுக்காதேம்மா!”

“சரி விடு, அழாதே” என்றான் கணவன். “அடுத்த வருஷம் கண்டிப்பா சமையலறைதான் முதல்ல.”

அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். ரெகுலேட்டரைக் கழற்றினாள். அடுப்பை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ஹாலில், புதுச் சுவருக்குக் கீழே இறக்கி வைத்தாள்.

“ஏய், என்ன பண்றே? புதுப் பெயிண்ட்! புகை படிஞ்சா பாழாயிடும்!”

“ஆகட்டுங்க. உதிர்ற சுவருக்குக் கீழே இனிமே நான் சமைக்க மாட்டேன். அழகான சுவர் இங்கேதானே இருக்கு... இங்கேயே சமைக்கிறேன்.” அடுப்பிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.

கணவன் தன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அவன் பக்கம் பேசவில்லை.

“என்னடா பார்க்கிறே? உள்ளே போய் சிலிண்டரைத் தூக்கிட்டு வா! சின்னவனே, ஹாலுக்குன்னு ஆர்டர் கொடுத்திருக்கிற சீலிங் லைட்டெல்லாம் வேண்டாம்னு கடைக்குப் போன் போடு. அந்தக் காசுல இன்னிக்கே சமையலறைச் சுவரைக் கொத்திப் பூசட்டும். பெயிண்ட்தான் மூணு வாளி கிடக்கே.”

பெயிண்டர் சுரண்டியை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். “அப்ப இங்கே எந்தக் கலர் அடிக்கட்டும்?”

கணவனும் கொழுந்தனும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். மாமியாரும்தான். ஆனால் அவர் சட்டென்று நிறுத்திக்கொண்டு, இரண்டு மகன்களையும் ஒரு முறை முறைத்தார்.

“எங்களை ஏன்ப்பா கேக்குறே? அவளைக் கேளு.”