மேட்டுப் பக்கம் கதவில்லாத ஊர்

அந்த ஊரில் விடைபெறும்போது எல்லோரும் "போறேன்" என்றுதான் சொன்னார்கள்.

பால்காரர் பாலை ஊற்றிவிட்டு, "போறேன்." தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "போறேன்." குழந்தைக்கு ஊசி போட வந்த நர்ஸ்கூட வாசலில் அதையே சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

"வர்றேன்னு சொன்னா நாக்கு தேய்ஞ்சிடுமா இவங்களுக்கு?" என்பாள் சர்வேயரின் மனைவி.

"உள்ளதைச் சொல்றாங்க. வர்றேன் வர்றேன்னு சொல்லிட்டு உங்க அண்ணன் எத்தனை தடவை வந்தான்?" என்பார் சர்வேயர்.

முதல் தடவை சிரித்தாள். இப்போது சிரிப்பதில்லை. பேச அவளுக்கு அங்கே கைக்குழந்தையை விட்டால் ஆளில்லை. நகைச்சுவை சர்வேயருக்கு உபரி உத்தியோகம். மலையை அங்குலம் பிசகாமல் அளப்பவருக்கு மனைவியின் முகத்தை மட்டும் அளக்க வரவில்லை.

ஊர் மலையின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே ஆற்றின் இரைச்சல் மட்டும் கேட்கும், ஆறு தெரியாது. மேலே கணவாய், அதோடு நாடு முடிந்தது. மதியத்துக்குமேல் அங்கிருந்து மூடுபனி இறங்கும், நனைந்த கம்பளியின் வாடையோடு. வீடுகள் எல்லாம் மலைக்கு முதுகைக் காட்டி நின்றன. மேட்டுப் பக்கச் சுவரில் கதவில்லை, ஜன்னலில்லை, பல்லி நுழைய ஓட்டை இல்லை. காற்றுக்குப் பயந்து அப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று அவரே முடிவு செய்துகொண்டார். அவருடைய குவார்ட்டர்ஸுக்கு மட்டும் அந்தப் பக்கம் ஒரு கதவு. நகரத்தில் உட்கார்ந்து படம் வரைந்த எவரோ ஓர் எஞ்சினியருக்கு இயற்கைக் காட்சி பிடித்திருக்கிறது.

அன்று எல்லைக்கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு இறங்கியபோது விரல்கள் மரத்திருந்தன. டீக்கடையில் ஒரு டீ குடித்தார். "வர்றேம்மா" என்று எழுந்தார்.

கடைக்காரி அவர் முழங்கையைப் பிடித்தாள். "இங்க அதைச் சொல்லாதீங்க, சார். போறேன்னு சொல்லுங்க."

"ஏன், நான் திரும்பி வர்றதுல உங்களுக்கு இஷ்டமில்லையா?"

அவள் சிரிக்கவில்லை. கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"எல்லைக்கோடு போட்டப்ப, மேட்டுல குடியிருந்த மேல்வீட்டுக்காரங்களை அந்த நாட்டு ஆளுங்கன்னுட்டாங்க. கணவாய் தாண்டிப் போகச் சொன்னாங்க. நடுப் பனிக்காலம். கைக்குழந்தைங்க தாங்காதுன்னு கீழ்வீடுகள்ல விட்டுட்டுக் கிளம்பினாங்க. எங்கம்மா அப்படி விட்ட குழந்தைதான். கிளம்பறப்ப எவராச்சும் போறோம்னு சொல்வாங்களா? வர்றோம்னாங்க. எங்க ஆளுங்களும் வாய்ப்பழக்கத்துல வாங்கன்னுட்டாங்க."

"அப்புறம்?"

"அந்தப் பக்கம் யாரும் போய்ச் சேரலை." கிளாஸைக் கவிழ்த்தாள். "வருஷாவருஷம் இந்த மாசம் பொறந்தா, பொழுது சாய்ஞ்சதும் மேட்டுப் பக்கம் நின்னு வர்றோம்பாங்க. நாங்க பதில் சொல்றதில்லை. வாங்கன்னு ஒரு சொல் விழுந்தா, விட்டுட்டுப் போன குழந்தையை வாங்கிக்க வந்துடுவாங்க. எந்தக் குழந்தைன்னு அவங்களுக்குக் கணக்கில்லை. உங்க குவார்ட்டர்ஸுக்கு இதுவரை யாரும் குழந்தையோட வந்ததில்லை, சார். சொன்னா சிரிப்பீங்கன்னு வாயை மூடிக்கிட்டோம். வீட்டுல அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லி வைங்க."

"சரி. போறேன்" என்றார் சர்வேயர். அந்தச் சொல் வாயில் யாரோ மென்று கொடுத்த பாக்கு மாதிரி இருந்தது.

பயம் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்தே மரத்துப்போன காலை ஊன்றினால் தரை எங்கோ தூரத்தில் இருப்பதுபோல் தோன்றுமே, அப்படி. மனைவியிடம் இதை எப்படிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வது என்று யோசித்தபடியே, தன் கால்கள் ஓட ஆரம்பித்திருப்பதைக் கவனிக்காமல், கம்பளி வாடை தொண்டைவரை இறங்க, கதவடைத்த வீடுகளின் ஓரமாக அவர் ஏறினார். ஏதோ குறைந்தது. ஆற்றின் சத்தம். அது நின்றிருந்தது.

வீட்டில் விளக்கு எரிந்தது. மனைவி இருக்கிற டம்ளர்களையெல்லாம் எடுத்து வரிசையாக வைத்திருந்தாள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து காணாத வெளிச்சம்.

"யாரு வந்தா?"

"மேட்டுப் பக்கம் நின்னு வர்றோம்னாங்க. இந்த ஊர்ல நல்ல வார்த்தை சொன்ன முதல் ஆளுங்க. வாங்க வாங்கன்னேன். உள்ள வரக் கூச்சப்படறாங்க, பாவம்."

"குழந்தை எங்க?"

"ஆசையாக் கேட்டாங்க. கொடுத்தேன்."

மேட்டுப் பக்கக் கதவு திறந்திருந்தது.

வாசலில் பனி. பனியில் கைகள். ஒன்றை அடுத்து ஒன்று, சரிவு நெடுக, கணவாய்வரைக்கும். முகம் எதுவும் தெரியவில்லை. மஞ்சள் துணி சுற்றிய குழந்தை கைமாறி மேலே போய்க்கொண்டிருந்தது. அவசரமில்லாமல். விசேஷ வீட்டில் உறவுக்காரர்கள் வாங்கிக் கொஞ்சுவதுபோல.

குழந்தை அழவில்லை.

அவர் வாசற்படியில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"பாத்துப் பிடிங்க" என்றாள் மேட்டை நோக்கி. "கழுத்து இன்னும் நிக்கலை."

மேலே, பனிக்குள், ஒரு கை சற்றுத் தயங்கியது. பிறகு குழந்தையின் கழுத்துக்கு அடியில் விரல்களை விரித்துப் பதமாகத் தாங்கி, அடுத்த கையிடம் கொடுத்தது.